நபர்மைய உளவளத்துணையில் இனமும் பண்பாடும்: மறக்கப்படும் ஆறாவது நிபந்தனை

இங்கிலாந்தில் நபர்மைய (person-centred) உளவளத்துணைப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: "ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உண்மைத்தன்மை ஆகிய மூன்றும் இருந்தால் போதும்; ஒவ்வொரு துணைநாடியும் (உளவளத்துணை நாடி வருபவரும்) தனித்துவமான மனிதர்; ஆகவே இனம், பண்பாடு பற்றித் தனியாகப் படிக்க வேண்டியதில்லை என்று எங்கள் பயிற்றுநர் சொல்கிறார். வகுப்பில் வெள்ளையர் அல்லாதவர்கள் நானும் இன்னொருவரும் மட்டுமே. அவர் சொல்வதை என்னால் மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. எது சரி?"

உங்கள் பயிற்றுநர் கோட்பாட்டின் பாதியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்ட பாதியில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. நபர்மைய அணுகுமுறையை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், உளச்சிகிச்சையின் வழியே ஒருவருடைய ஆளுமை மாறுவதற்குத் தேவையானவை, போதுமானவை என்று அவர் வகுத்த நிபந்தனைகள் மூன்று அல்ல, ஆறு. இருவர் உளத்தொடர்பில் இருக்க வேண்டும் என்பது முதலாவது. அவர்களில் துணைநாடியாக வருபவர், தான் அனுபவிப்பதற்கும் தன்னைப் பற்றித் தான் கொண்டிருக்கும் எண்ணத்துக்கும் இடையே இசைவின்றி, எளிதில் காயப்படக்கூடியவராகவோ பதற்றத்துடனோ இருக்கிறார் என்பது இரண்டாவது. உளவளத்துணையாளர் அந்த உறவில் இசைவோடு, முகமூடியின்றி இருப்பது மூன்றாவது. துணைநாடியை நிபந்தனை விதிக்காமல் ஏற்பது நான்காவது. துணைநாடியின் உள்ளுலகை அவருடைய கண்ணோட்டத்திலிருந்தே உணர்வதும், அப்படி உணர்ந்ததை அவருக்குத் தெரிவிக்க முயல்வதும் ஐந்தாவது. அந்த ஏற்பும் ஒத்துணர்வும் குறைந்தபட்ச அளவிலாவது துணைநாடியைச் சென்றடைய வேண்டும் என்பது ஆறாவது. நடுவிலுள்ள மூன்றும் பாடநூல்களில் மைய நிபந்தனைகள் என்ற பெயரோடு நிலைத்துவிட்டன. மற்ற மூன்றும் பல வகுப்பறைகளில் ஒரு பிற்பகலோடு முடிந்துபோகின்றன.

நடுவிலுள்ள மூன்றையும் உளவளத்துணையாளர் தம் உடைமை என்று எண்ணிக்கொள்ள இடமுண்டு. "எனக்கு ஒத்துணர்வு உண்டு, நான் எவரையும் ஏற்பவன்" என்று ஒருவர் தம்மைத் தாமே மதிப்பிட்டு நிறைவடைந்துவிடலாம். விடுபட்ட மூன்றையோ அப்படித் தனியாக இருந்து சான்றளிக்க முடியாது. உளத்தொடர்பு இருவருக்கு இடையில் நிகழ்வது. துணைநாடியின் இசைவின்மை அவர் வாழும் உலகத்தில் விளைவது. ஆறாவது நிபந்தனை நிறைவேறியதா என்று சொல்லக்கூடியவர் துணைநாடி மட்டுமே. இனமும் பண்பாடும் சிகிச்சை அறைக்குள் நுழைவது இந்த மூன்று வாசல்கள் வழியாகத்தான். ஆகவே அவற்றைப் படிப்பது கோட்பாட்டுக்கு வெளியிலிருந்து ஒட்டவைக்கும் கூடுதல் பாடம் ஆகாது. ரோஜர்ஸே கேட்ட நிபந்தனைகளை நிறைவேற்றுவதற்கு அது வேண்டும்.

மேலே செல்வதற்கு முன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தமிழில் 'இனம்' என்று சொன்னால் தமிழர், சிங்களவர் போன்ற மொழிவழி மக்கட் பிரிவுகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. பிரித்தானிய, அமெரிக்க உளவளத்துணை நூல்கள் பேசுவது பெரும்பாலும் தோல் நிறத்தையும் உடற்தோற்றத்தையும் அடிப்படையாகக் கொண்டு வரலாறு ஏற்படுத்திய பாகுபாட்டை. அது உயிரியல் அடிப்படையில் நிலைநாட்டக்கூடிய பிரிவு அல்ல. ஆனால் அதன் விளைவுகள் வேலைவாய்ப்பிலும் காவல்துறையின் நடத்தையிலும் மருத்துவமனையிலும் மெய்யானவை. பண்பாடு என்பது ஒருவர் எதை மதிக்கிறார், எப்படி உறவாடுகிறார், துயரத்தை எந்தச் சொற்களில் சொல்கிறார் என்பதைப் பற்றியது. இலங்கையில் பிறந்து பிரித்தானியாவில் பணியாற்றிய உளமருத்துவர் சுமன் பெர்னாண்டோ இவ்விரண்டையும் குழப்பக் கூடாது என்பதைத் தம் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தியிருக்கிறார். பண்பாட்டைப் பற்றிப் பேசுவது எவருக்கும் இனிமையானது. இனவாதத்தைப் பற்றிப் பேசினால் அறையில் இருக்கும் யாரோ ஒருவர் நெளிய வேண்டியிருக்கும். அதனால்தான் பல பயிற்சி நிறுவனங்களில் 'பன்மைத்துவ வாரம்' என்ற பெயரில் உணவும் உடையும் திருவிழாவும் பேசப்படுகின்றன, நிறவெறி பேசப்படுவதில்லை.

இந்த அணுகுமுறை பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும். ரோஜர்ஸ் 1902இல் சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில், கண்டிப்பான புரொட்டஸ்டன்ட் குடும்பத்தில் பிறந்தவர். உழைப்பும் தன்னொழுக்கமும் உயர்வாகக் கருதப்பட்ட வீட்டில், பின்னர் பண்ணைச் சூழலில் வளர்ந்தவர். 1922இல், மாணவராக இருந்தபோது, உலகக் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனா சென்று வந்த சில மாதங்களில், பெற்றோரின் மத நம்பிக்கைகளிலிருந்து விலகித் தாமாகச் சிந்திக்கத் தொடங்கியதாக அவரே பிற்காலத்தில் குறிப்பிட்டிருக்கிறார். குடும்பத்தின் குரலிலிருந்து விலகித் தன் குரலைக் கண்டடையும் இந்தப் பயணம் பின்னர் அவருடைய கோட்பாட்டின் முதுகெலும்பாகவே ஆகிவிட்டது என்று நான் நினைக்கிறேன். 1945 முதல் 1957 வரை அவர் பணியாற்றிய சிகாகோ பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு வந்தவர்களில் பலர் அப்பயணத்துக்கு ஏற்கெனவே அணியமாக இருந்த கல்வி கற்ற அமெரிக்கர்கள். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கோட்பாடு மனித இயல்பு முழுவதற்கும் பொருந்தும் என்று சொல்லப்பட்டது. வெவ்வேறு வகைத் துணைநாடிகளுக்கு வெவ்வேறு நிபந்தனைகள் தேவையில்லை என்பதை 1957 கட்டுரையே வெளிப்படையாகக் கூறுகிறது.

அந்தக் கூற்றைச் சோதித்துப் பார்க்க நமக்கு அருமையான ஆவணம் ஒன்று இருக்கிறது. 1977இல், தமது எழுபத்தைந்தாம் வயதில், ரோஜர்ஸ் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்க இளைஞருடன் நடத்திய இரண்டு அமர்வுகள் படமாக்கப்பட்டன. அந்த இளைஞருக்கு இரத்தப் புற்றுநோய் வந்து தணிந்திருந்தது. முதல் அமர்வுக்கு 'நம்பிக்கையிழக்கும் உரிமை' என்றும், இரண்டாவதற்குக் 'காயமும் கோபமும்' என்றும் பொருள்படும் தலைப்புகள் இடப்பட்டன. 2004இல் ராய் மூட்லி, கொலின் லாகோ, அனிசா தலாஹித் ஆகியோர் இந்த அமர்வுகளை மட்டுமே மையமாக வைத்து, பல துறையினரின் வாசிப்புகளைத் திரட்டி ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்கள். உங்கள் கல்லூரி நூலகத்தில் அது இருந்தால் பயிற்றுநரோடு சேர்ந்து படிக்கச் சொல்வேன்.

இளைஞருடைய பேச்சில் நோய் மட்டும் வரவில்லை. கறுப்பராக அந்தச் சமூகத்தில் வளர்ந்ததும், பிறர் தம்மேல் சுமத்திய அடையாளங்களும், அவற்றை விழுங்கிக்கொண்டு வாழ்ந்ததன் வலியும் வருகின்றன. ரோஜர்ஸ் வழக்கமான நுட்பத்தோடு கேட்கிறார். வார்த்தைகளுக்கு அடியில் இருக்கும் காயத்தைத் தொடுகிறார். இளைஞர் தம்மைப் பற்றிச் சொல்லத் தயங்கியவற்றைச் சொல்ல அது துணையாகிறது. இதை மறுக்கும் விமரிசனம் நேர்மையானதாக இராது. ஆயினும் விமரிசகர்கள் சுட்டிக்காட்டும் ஒன்று தொடர்ந்து உறுத்துகிறது. இனத்தை நோக்கி இளைஞர் நீட்டும் கை அவ்வப்போது பற்றப்படாமலே போகிறது. சமூகத்தைப் பற்றிய அவருடைய சொல், உள்ளத்து உணர்வைப் பற்றிய சொல்லாக மாறித் திரும்பி வருகிறது. எதிரே அமர்ந்திருக்கும் முதியவர் வெள்ளையர் என்பது அந்த அறையிலேயே மிகவும் வெளிப்படையாகத் தெரியும் செய்தி. அது பேச்சுக்கு வரவில்லை.

இரண்டாவது அமர்வு இன்னும் அதிகம் கற்பிப்பது. கோபத்தைக் காட்டலாம் என்று ரோஜர்ஸ் பலமுறை, வழக்கத்துக்கு மாறாகச் சற்று வழிநடத்தும் தொனியிலேயே, அந்த இளைஞருக்கு இடமளிக்கிறார். இளைஞரோ கோபத்தைப் பற்றிப் பேசுகிறார், கோபப்படுவதில்லை. வழக்கமான நபர்மைய வாசிப்பு இதை உள்ளத் தடையாகக் காணும்: உணர்வை விழிப்புக்குள் விட மறுக்கும் தற்காப்பு. ஆனால் 1977ஆம் ஆண்டின் அமெரிக்காவில், ஒரு கறுப்பு இளைஞர், படக்கருவிக்கு முன்னால், புகழ்பெற்ற வெள்ளை அறிஞர் ஒருவரிடம் சீற்றத்தைக் காட்டுவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். கறுப்பர்களின் கோபம் ஆபத்தானது என்று கற்பிக்கப்பட்ட சமூகத்தில், அந்தக் கோபத்தை அடக்கத் தெரிந்திருப்பது உயிர்காக்கும் அறிவு. அவருடைய தயக்கம் அந்தச் சூழலைத் துல்லியமாக அளந்ததன் விளைவாகவும் இருக்கலாம். இரண்டு வாசிப்புகளில் எது சரி என்று படத்தைப் பார்த்து நாம் முடிவு செய்ய முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு, இரண்டாவது வாசிப்பு ஒன்று உண்டு என்பது உளவளத்துணையாளருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தனியாகப் படிக்க வேண்டியதில்லை என்ற வாதம் என் கணிப்பில் இந்த இடத்தில்தான் உடைகிறது. தனக்குத் தோன்றவே முடியாத ஒரு பொருளை ஒத்துணர்வால் மட்டும் எட்டிவிட முடியாது.

இனி இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன்; பயிற்சியில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், தவறாகப் பயன்பட்டால் மிக அதிகத் தீங்கு விளைவிப்பதும் அதுதான். துணைநாடி தம் அனுபவத்தைத் திரித்துக் காண்கிறார், அதனால் பதற்றமடைகிறார் என்பது கோட்பாட்டின் எடுகோள். இனவாதத்துக்கு ஆளாகும் ஒருவருடைய பதற்றத்தில் எவ்வளவு திரிபு, எவ்வளவு சரியான பார்வை? வில்லியம் கிரியர், பிரைஸ் காப்ஸ் என்ற இரண்டு கறுப்பின உளமருத்துவர்கள் 1968இலேயே இதை எழுதிவிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பர்கள் வெள்ளையர்மீது கொள்ளும் எச்சரிக்கையான ஐயம் அந்தச் சூழலுக்குத் தேவையான பண்பாட்டுத் தற்காப்பு, அதை நோய் என்று மயங்கிவிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். சின்னஞ்சிறு அன்றாட அவமதிப்புகளுக்கு 'மைக்ரோஅக்ரெஷன்' (microaggression) என்று தனிப்பெயர் சூட்டிய செஸ்டர் பியர்ஸும் கறுப்பின உளமருத்துவரே. அந்த அவமதிப்புகள் ஒவ்வொன்றும் அற்பமாகத் தோன்றுவதும் மொத்தமாக மனிதரைத் தேய்ப்பதும் அவர் கண்டது. இங்கிலாந்தில் 2019-20ஆம் ஆண்டில் உளநலச் சட்டத்தின் கீழ் வலிந்து தடுத்து வைக்கப்பட்டவர்களின் விகிதம் வெள்ளையரில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 73 ஆகவும், கறுப்பினத்தவரில் ஏறத்தாழ 322 ஆகவும் இருந்தது. நான்கு மடங்குக்கும் மேல். இந்த நாட்டின் உளநல அமைப்பை நம்பத் தயங்கும் ஒரு கறுப்பினத் துணைநாடி உங்கள் முன் அமர்ந்திருக்கும்போது, அந்தத் தயக்கத்தை அவருடைய இசைவின்மையின் அறிகுறியாகக் குறித்துக்கொண்டீர்களானால், திரிபு உங்களிடம்தான் இருக்கிறது.

மதிப்புக்கான நிபந்தனைகள் என்ற கருத்தையும் இப்படியே நீட்டிப் பார்க்கலாம். "இப்படி இருந்தால்தான் உன்னை நேசிப்பேன்" என்று பெற்றோர் உணர்த்துவதைக் குழந்தை உள்வாங்கித் தன் இயல்பான அனுபவத்தை மறுக்கிறது என்றார் ரோஜர்ஸ். இனவாதமும் ஒரு மாபெரும் மதிப்பு நிபந்தனை என்று விளக்கும் எழுத்தாளர்கள் உண்டு. அந்த விளக்கத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரு வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது. பெற்றோரின் நிபந்தனையை நிறைவேற்றினால் நேசம் கிடைக்கும். நிறத்தின் நிபந்தனையை எவராலும் நிறைவேற்ற முடியாது. பேச்சை மாற்றலாம், பெயரைச் சுருக்கலாம், தலைமுடியை நேராக்கலாம்; தோலை மாற்ற முடியாது. அது மட்டுமன்று. கறுப்பினப் பெற்றோரும் தெற்காசியப் பெற்றோரும் பிள்ளைகளிடம் "மற்றவர்களைவிட இருமடங்கு உழைத்தால்தான் பாதியாவது கிடைக்கும்" என்று சொல்லும்போது, அது நேசத்தை நிபந்தனைக்கு உட்படுத்தும் சொல்லா, நேசத்தால் பிறந்த எச்சரிக்கையா? இரண்டுமாக இருக்கலாம். அதை வெறும் நிபந்தனை என்று மட்டும் கேட்கும் உளவளத்துணையாளர், துணைநாடியின் தாயை அவருக்கு எதிராக நிறுத்திவிடுகிறார்.

அப்படியானால் இனத்தைப் பற்றி யார் முதலில் பேச வேண்டும்? துணைநாடி எடுக்காத பொருளை நாம் எடுத்தால் அது வழிநடத்தல் ஆகிவிடாதா என்பது உங்கள் வகுப்பில் கட்டாயம் எழும் கேள்வி. வழிநடத்தாமை என்ற கொள்கை எனக்கும் மதிப்புக்குரியதே. ஆனால் மௌனமும் வழிநடத்துகிறது. வெள்ளை உளவளத்துணையாளர் ஒருவர் எதைப் பற்றியும் இயல்பாகப் பேசி, நிறத்தைப் பற்றி மட்டும் ஒருபோதும் வாய் திறக்காமல் இருந்தால், இந்த அறையில் அது பேசத்தகாத பொருள் என்ற செய்தி துணைநாடிக்குப் போய்ச் சேரும். தம் வாழ்நாளெல்லாம் வெள்ளையரைச் சங்கடப்படுத்தாமல் பேசப் பழகியவர் அந்தச் செய்தியைக் கணத்தில் படித்துவிடுவார். அமெரிக்காவில் உளவளத்துணை ஆய்வாளர் நார்மா டே-வைன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2007 முதல் எழுதிவருவது இதைப் பற்றியே. உளவளத்துணையாளர் வேற்றுமையைத் தாமே திறந்து பேச அழைப்பதும், அதை ஏற்பதா விடுவதா என்பதைத் துணைநாடியிடமே விடுவதும் அவர்கள் பரிந்துரைப்பது. ஒரேயொரு வாக்கியம் போதும். "நான் வெள்ளையர், நீங்கள் அப்படியல்ல, நீங்கள் சொல்வதில் சிலவற்றை நான் தவறவிடக்கூடும், அப்படி நேர்ந்தால் அதைச் சொல்ல இங்கே இடமுண்டு" என்பது போன்ற ஒன்று, பொருத்தமான வேளையில், தற்காப்பின்றிச் சொல்லப்பட வேண்டும். முதல் அமர்வின் முதல் நிமிடத்தில் மனப்பாடமாக ஒப்பித்தால் அது படிவம் நிரப்புவது போல் ஆகிவிடும்.

இங்கே மூன்றாவது நிபந்தனையும் சேர்ந்துகொள்கிறது. "நான் நிறம் பார்ப்பதில்லை" என்று சொல்லும் உளவளத்துணையாளர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் துணைநாடி தம் வாழ்வில் ஒவ்வொரு நாளும் பார்க்கப்படும் ஒன்றைத் தாம் பார்க்கவில்லை என்று சொல்வது, அவருடைய அனுபவத்தில் ஒரு பகுதியை ஏற்பிலிருந்து விலக்கிவைப்பதாகும். நிபந்தனையற்ற ஏற்புக்கு அங்கே ஒரு நிபந்தனை முளைத்துவிடுகிறது. பெரும்பாலான வேளைகளில் அது உண்மையும் அல்ல. துணைநாடி ஒருவர் இனவாதத்தைப் பற்றிச் சொல்லும்போது உள்ளுக்குள் எழும் அச்சம், குற்ற உணர்வு, "எல்லா வெள்ளையரும் அப்படியல்லவே" என்று வாதிடத் துடிக்கும் எரிச்சல் ஆகியவற்றை அறிந்திருப்பதுதான் இசைவு. அவற்றைத் துணைநாடியிடம் கொட்ட வேண்டியதில்லை. அனுபவமுள்ள இன்னொருவரோடு தம் பணியை ஆராயும் மேற்பார்வைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பண்பாட்டைப் பொறுத்தவரை சிக்கல் வேறு வகையானது. மதிப்பிடும் மையம் வெளியிலிருந்து உள்ளுக்கு நகர்வதை ரோஜர்ஸ் வளர்ச்சியின் அடையாளமாகக் கண்டார். பிறர் என்ன சொல்வார்கள் என்பதிலிருந்து விடுபட்டுத் தன் உடலும் உள்ளமும் சொல்வதை நம்பி முடிவெடுப்பவரே முழுமையாகச் செயல்படும் மனிதர். இந்தச் சித்திரத்தில் இருக்கும் 'தான்' எல்லா நாட்டிலும் ஒரே எல்லை கொண்டதா என்று கேட்டவர்கள் பலர். உளவியலாளர்கள் ஹேசல் மார்க்கஸும் ஷினோபு கிதயாமாவும் 1991இல் எழுதிய கட்டுரை, பிறரிடமிருந்து பிரிந்து நிற்கும் 'தான்', பிறரோடு பின்னிய 'தான்' ஆகிய இரண்டையும் வேறுபடுத்திக் காட்டி உளவியலையே அசைத்தது. நபர்மைய அணுகுமுறைக்குள்ளிருந்தே, தென்னாப்பிரிக்கப் பின்னணி கொண்ட லென் ஹோல்ட்ஸ்டாக், ஆப்பிரிக்க வாழ்வில் உறவுகளுக்கு வெளியே தனித்த 'தான்' ஒன்று இல்லை என்பதை முன்வைத்து, கோட்பாட்டின் இந்த அடித்தளத்தை மறுபரிசீலனை செய்யக் கோரினார்.

தமிழில் இந்தப் பணியைச் செய்பவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. விதவைத் தாயைக் கொழும்பிலிருந்து அழைத்துவந்து தம்மோடு வைத்துக்கொள்வதா என்று திணறும் ஒரு பெண், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு "அம்மா நிம்மதியாக இருக்க வேண்டும்" என்று விடை சொன்னால், அது கேள்வியைத் தட்டிக்கழிப்பதாக இருக்கலாம், அவருடைய விருப்பம் மெய்யாகவே அதுவாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் பயின்ற செவி முதலாவதையே கேட்கப் பழகியிருக்கிறது. இரண்டாவது எடுத்துக்காட்டு இன்னும் சிறியது, ஆனால் தப்ப முடியாதது. ஆங்கிலத்தில் முதற்பெயர் சொல்லி அழைத்துச் சமத்துவத்தை அறிவித்துவிடலாம். தமிழில் வாயைத் திறந்தவுடன் 'நீ'யா 'நீங்களா', அக்காவா மிஸ்ஸா டொக்டரா என்று முடிவெடுத்தாக வேண்டும். வயதும் படிப்பும் பாலினமும் அந்த ஒரு சொல்லிலேயே அறைக்குள் வந்து அமர்ந்துவிடுகின்றன. "நீங்கள் படித்தவர், நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று கேட்கும் துணைநாடியிடம் அந்தக் கேள்வியைக் கண்ணாடிபோல் திருப்பிக் காட்டினால் அவர் அதை மரியாதையாக உணர்வதில்லை, கைவிடப்பட்டதாக உணர்கிறார். ஆறாவது நிபந்தனை அங்கே தோற்றுவிடுகிறது. சிறிதளவு விளக்கம் தருவது, வழிகளைச் சேர்ந்து எண்ணிப் பார்ப்பது ஆகியவை கோட்பாட்டுக்குத் துரோகம் என்று நான் நினைக்கவில்லை.

இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு குழி உண்டு; உங்கள் பயிற்றுநர் அஞ்சுவது அதையே என்றால் அவர் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 1992இல் டெரால்ட் விங் சூ, பட்ரீசியா அர்ரெடோண்டோ, ரோட்ரிக் மக்டேவிஸ் ஆகியோர் பல பண்பாடுகளுக்கான உளவளத்துணைக்குரிய திறன்களை வகுத்தபோது, தம்மைப் பற்றிய விழிப்பை முதலிலும் பிற பண்பாடுகளைப் பற்றிய அறிவை அடுத்தும் வைத்தார்கள். நடைமுறையில் முதலாவது உதிர்ந்து, இரண்டாவது குறிப்பேடாக மாறியது. ஆசியர்கள் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், கரீபியக் குடும்பங்களில் பாட்டியே தலைவர், முஸ்லிம் பெண்கள் இப்படி, தமிழர் அப்படி என்ற பட்டியல்களை நானும் பயிற்சி அரங்குகளில் பார்த்திருக்கிறேன். பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவரைச் சந்திப்பவர் பட்டியலையே சந்திக்கிறார். அந்த இடத்தில் "ஒவ்வொருவரும் தனி மனிதர்" என்ற ரோஜர்ஸின் வற்புறுத்தல் நல்ல மருந்து. அதே வாக்கியம் இனத்தைப் பேசாமல் இருப்பதற்குச் சாக்காகும்போது நஞ்சாகிறது.

ஒரே இனத்தைச் சேர்ந்த உளவளத்துணையாளரைத் தந்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. சிலருக்கு அது பெரும் ஆறுதல், மறுப்பதற்கில்லை. கொல்கத்தாவில் பிறந்த ஜாஃபர் கரீம் 1983இல் இலண்டனில் நிறுவிய நஃப்சியாத் மையம், சிறுபான்மை மக்களுக்கு அவர்களுடைய மொழிகளில் உளச்சிகிச்சை கிடைக்க வழி செய்தது. அதற்கு முன் "இவர்களுக்குப் பேச்சுச் சிகிச்சை பயன்படாது, மருந்துதான் சரி" என்று எளிதாக ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது திறந்த வாசல். அதே நேரத்தில், இலண்டனில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரிடம் வரும்போது, ஊர் எது என்ற முதல் கேள்வியிலேயே சாதி மோப்பம் பிடிக்கப்படுகிறதோ என்று துணைநாடி உள்ளுக்குள் ஒடுங்குவதுண்டு. போர்க்காலத்தில் எந்தப் பக்கம் நின்றார்கள் என்ற ஐயமும், கோயிலில் நாளை முகம்பார்க்க வேண்டியிருக்குமே என்ற கூச்சமும் உண்டு. மொழிபெயர்ப்பாளர் அமர்ந்திருந்தால் மூன்றாவது செவி ஒன்று கூடுகிறது. அத்தகையவர், தம் சமூகத்தின் கணக்குகள் எதுவும் தெரியாத வேற்றினத்தவரிடம் பேசுவதையே பாதுகாப்பாக உணரலாம். ஒற்றுமை என்று நாம் எண்ணுவதையும் துணைநாடியின் கண்ணால் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ரோஜர்ஸை இனப் பிரச்சினையை அறியாதவர் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 1972இல், மோதலில் இருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த புரொட்டஸ்டன்டுகள் நால்வர், கத்தோலிக்கர் நால்வர், ஓய்வுபெற்ற பிரித்தானியப் படை அதிகாரி ஒருவர் ஆகியோரை ஒரே அறையில் அமர்த்தி இருபத்துநான்கு மணி நேர உரையாடலை அவரும் உடன் பணியாற்றியவர்களும் நடத்தினார்கள். 1982இலும் 1986இலும் ரூத் சான்ஃபோர்டுடன் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று, நிறவொதுக்கல் ஆட்சியின் நடுவே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழுக்களோடு பணியாற்றினார். வெறுப்பவர்கள் ஒருவரையொருவர் மனிதராகக் கேட்கத் தொடங்குவதை அந்தக் குழுக்கள் காட்டின. கேட்டு முடிந்த பின் ஒருவர் வெள்ளையருக்கான குடியிருப்புக்கும் மற்றவர் கறுப்பருக்கென ஒதுக்கப்பட்ட நகர்ப்புறத்துக்கும் திரும்பினார்கள் என்பதை அவற்றால் மாற்ற முடியவில்லை. அதிகாரம் சமமாக இல்லாத இடத்தில் ஒத்துணர்வால் மட்டும் எவ்வளவு தூரம் போக முடியும் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது. சிகிச்சை அறையிலும் அதே கேள்விதான்.

கடைசியாக உங்கள் வகுப்பைப் பற்றி. வெள்ளையர் அல்லாதவர்கள் நீங்கள் இருவர் மட்டுமே என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்கள் தம்மைப் பற்றிப் பேசும் தன்வளர்ச்சிக் குழுவில் இனம் பேச்சுக்கு வரும்போது மற்றவர்களுக்குப் பாடநூலாக இருக்கும் சுமை உங்கள்மேல் விழும். நீங்கள் காயத்தைச் சொல்ல, அவர்கள் கண்ணீர் விட, அவர்களை நீங்கள் ஆற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை ஏற்க உங்களுக்குக் கடமை இல்லை. முடிந்தால் கல்லூரிக்கு வெளியே, இந்தப் பொருளில் பழக்கமுள்ள மேற்பார்வையாளர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். பயிற்றுநரிடம் வாதத்தை வேறு முனையிலிருந்து தொடங்கலாம்: இனத்தைப் பற்றித் தனிப்பாடம் வேண்டும் என்று கேட்காமல், 1957 கட்டுரையை ஒரு பிற்பகல் முழுதும் ஆறு நிபந்தனைகளோடும் படிக்க வேண்டும் என்று கேளுங்கள். ஆறாவது நிபந்தனைக்கு வரும்போது, தம் ஏற்பு தம்மைப் போல் தோற்றமளிக்காத ஒரு துணைநாடியைச் சென்றடைந்தது என்பதை எப்படி அறிந்துகொண்டார்கள் என்று ஒவ்வொருவரும் தம் பணியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லட்டும். முதல் எடுத்துக்காட்டைப் பயிற்றுநரே சொல்லட்டும்.